பழைய பைபரை வெட்டும் முன்...

"எங்கள் பைபருக்கு மாறுங்கள், ஆறு மாதம் கட்டினால் ஒரு மாதம் இலவசம்" என்ற நோட்டீஸ் உங்கள் வீட்டு கேட்டிலும் என்றாவது செருகப்பட்டிருக்கும். சென்னை குரோம்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டிற்கும் அப்படி ஒன்று வந்தது. அப்போது நாங்கள் வைத்திருந்த இணைப்பில் இரவு எட்டு மணிக்கு மேல் வேகம் குறைந்து கொண்டிருந்தது. புதியவர்கள் கேட்ட மாதக் கட்டணமும் குறைவு. மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். கல்லூரியில் நெட்வொர்க்கிங் பாடம் படித்துத் தேறியவன். நண்பர்கள் வீட்டு ரவுட்டரை எல்லாம் நான்தான் செட் செய்து கொடுப்பேன். எனவே இது ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். நடந்தது வேறு. ஒன்பது நாட்கள் வீட்டில் இன்டர்நெட் இல்லை. அதோடு, திரும்பக் கிடைக்காத ஒன்றையும் இழந்தோம். இதில் நிறுவனங்களைக் காட்டிலும் என் தவறே அதிகம். அந்தத் தவறுகளை நீங்கள் செய்யாதிருக்கவும், இந்த முறையே மாற வேண்டும் என்று நான் ஏன் கருதுகிறேன் என்பதைச் சொல்லவும் இதனை எழுதுகிறேன்.

பெட்டியில் இடமில்லை

நான் செய்த முதல் தவறு இதுதான். புதிய நிறுவனத்தின் அப்ளிகேஷனில் முகவரியைக் கொடுத்தேன். உங்கள் பகுதியில் சேவை உண்டு என்று பச்சை டிக் காட்டியது. பணம் கட்டினேன். அன்றே பழைய நிறுவனத்திற்கு போன் செய்து இணைப்பு வேண்டாம் என்றேன். மாதக் கடைசியில்தான் துண்டிப்பார்கள் என்பது என் கணக்கு. அன்று மாலையே துண்டித்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து வந்த புதிய டெக்னீஷியன், தெருக் கம்பத்தில் உள்ள பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பாக்ஸ் ஃபுல் சார். போர்ட் காலி இல்லை" என்றார். இதன் பின்னணியைச் சொல்ல வேண்டும். வீடுகளுக்கு வரும் பைபரில் பெரும்பாலும் ஜி-பான் என்ற தொழில்நுட்பம் உள்ளது. நிறுவனத்தின் மையத்திலிருந்து வரும் ஒரே ஒரு பைபரை, ஸ்ப்ளிட்டர் என்னும் சிறு சாதனம் மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருவார்கள். உங்கள் தெருவில் உள்ள பெட்டி அந்தப் பிரிவின் கடைசிக் கிளை. அதில் காலி இடம் இல்லை என்றால், தெருவெல்லாம் சேவை இருந்தாலும் உங்கள் வீட்டிற்கு இணைப்பு இல்லை. அப்ளிகேஷனில் காட்டும் பச்சை டிக்கிற்கு இது தெரியாது.

புதிய பெட்டி வைத்து கேபிள் இழுக்க ஒன்பது நாட்கள் ஆயின. அதற்குள் எங்கள் ப்ராஜெக்டில் ஒரு ரிலீஸ் இரவு வந்தது. மொபைல் போனின் ஹாட்ஸ்பாட்டை நம்பி உட்கார்ந்தேன். நள்ளிரவு ஒரு மணிக்கு அன்றைய டேட்டா தீர்ந்து, என் வேலையை பெங்களூருவில் இருந்த ஜூனியர் ஒருவர் முடித்துக் கொடுத்தார். மறுநாள் மேனேஜர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

போன் ஏன் அடிக்கவில்லை?

இதைவிடப் பெரியது நான்காம் நாள் தெரிந்தது. "என்னடா, நாலு நாளா லேண்ட்லைன் அடிக்கவே இல்லையே?" என்று அப்பா கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த போன் எண், பழைய பைபர் இணைப்புடன் ஆறு வருடத்திற்கு முன் இலவசமாக வந்தது. பேச்சும் அதே பைபர் வழியேதான் போகும். இணைப்பை மூடினால் எண்ணும் மூடப்படும்.

நான் அந்த எண்ணில் ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் அப்பா அதை வங்கியில், காஸ் ஏஜென்சியில், இன்சூரன்ஸ் பாலிசியில், டாக்டரின் கிளினிக்கில் கொடுத்து வைத்திருந்தார். கும்பகோணத்தில் தனியாக இருக்கும் பெரியம்மா, அந்த எண்ணைத்தான் சுவரில் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறார். மூன்று நாட்கள் முயன்று, எண் உபயோகத்தில் இல்லை என்ற குரலையே கேட்டு, எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி என் மொபைல் எண்ணைக் கண்டுபிடித்தார். "நம்பரை மாத்தினா ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாடா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

எண்ணைத் திரும்பத் தர முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். நம் நாட்டில் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி மொபைல் போனுக்கு மட்டுமே உண்டு. வீட்டு போனுக்கு இல்லை.

கேமரா ஏன் தெரியவில்லை?

ஒரு வழியாகப் புதிய இணைப்பு வந்தது. வேகம் நன்றாகவே இருந்தது. ஆனால் அலுவலகத்திலிருந்து வீட்டு வாசல் கேமராவைப் பார்க்க முடியவில்லை. எங்களுடையது பழைய டி.வி.ஆர். ரவுட்டரில் போர்ட் பார்வர்டிங் செய்து, வெளியிலிருந்து நேராக வீட்டு ஐ.பி. முகவரிக்கு வந்து பார்ப்பது போல் அமைத்திருந்தேன். புதிய நிறுவனத்தில் எங்களுக்கென்று தனி ஐ.பி. முகவரியே இல்லை.

ஐ.பி. பதிப்பு 4ல் உள்ள முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான். உலக அளவில் இவற்றைப் பகிர்ந்து தரும் அமைப்பு, தன் கையிருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியில் கொடுத்து முடித்துவிட்டது. எனவே பல நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. இதற்கு சி.ஜி.நாட் என்று பெயர். உங்கள் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்களும் இப்படிப் பங்கிட்ட முகவரியில்தான் இருக்கிறீர்கள். இணைய தளம் பார்க்க, சினிமா பார்க்க, வீடியோவில் பேச இதனால் தடை ஏதும் இல்லை. கிளவுட் வழியாக இயங்கும் புதிய கேமராக்களும் வேலை செய்யும். வெளியிலிருந்து நேராக வீட்டிற்குள் வரும் பழைய முறைதான் நின்றுவிடும். அதற்கு ஸ்டேடிக் ஐ.பி. தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டும். இதை முன்பே கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

பழைய ரவுட்டரையே வைத்துக் கொள்ளலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பைபர் நுழையும் ஓ.என்.டி. பெட்டி, அந்தந்த நிறுவனத்தின் மையத்தில் அதன் சீரியல் எண்ணுடன் பதிவாகி இருக்கும். அதைக் கொண்டு போய் வேறு நிறுவனத்தின் பைபரில் செருகினால் பொதுவாக இயங்காது. நீங்களே வாங்கிய தனி வைபை ரவுட்டர் இருந்தால், அதைப் புதிய பெட்டியுடன் இணைத்துப் பயன்படுத்தலாம்.

மாறும் முன் கவனிக்க

இவ்வளவும் பட்ட பின், மாற நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இவைதான்.

1. முதலில், குறை நிறுவனத்திடம்தானா என்று பாருங்கள். கம்ப்யூட்டரை ரவுட்டருடன் லேன் கேபிளில் இணைத்து இரவு நேரத்தில் வேகத்தைச் சோதியுங்கள். கேபிளில் வேகம் சரியாக இருந்து வைபையில் மட்டும் குறைந்தால், குறை வீட்டிற்குள் இருக்கிறது. நிறுவனத்தை மாற்றினாலும் அது போகாது.

2. புதிய இணைப்பு வந்து, குறைந்தது இரண்டு வாரம் ஓடிய பிறகே பழையதை மூடச் சொல்லுங்கள். அரை மாதக் கட்டணம் கூடுதலாகும்தான். நான் ஹாட்ஸ்பாட்டிற்கு வாங்கிய டேட்டா பேக் செலவே ஏறக்குறைய அந்த அளவு வந்தது.

3. ஆறு மாதம், ஒரு வருடம் என்று எடுத்தவுடன் கட்டாதீர்கள். முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். சலுகை போகட்டும்.

4. பணம் கட்டும் முன், தெருப் பெட்டியில் போர்ட் காலி உள்ளதா என்று டெக்னீஷியனை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

5. இணைப்புக் கொடுத்ததும் ஓ.என்.டி. பெட்டியைப் பாருங்கள். பான் விளக்கு பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். டெக்னீஷியனிடம் உள்ள மீட்டரில் ஒளியின் அளவைக் கேளுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டி.பி.எம். வரை இருந்தால் நலம். மைனஸ் 27ஐ நெருங்கினால் அடிக்கடி துண்டிக்கும். கேபிளைக் கதவிடுக்கில் மடித்திருக்கிறார்களா என்று பார்த்து, அவர் கிளம்பும் முன்பே சரி செய்யச் சொல்லுங்கள்.

6. புதிய ரவுட்டரிலும் பழைய வைபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே கொடுங்கள். டி.வி., பிரிண்டர், போன்கள் பெரும்பாலும் தாமாகவே இணைந்து கொள்ளும். அம்மாவிற்கு மாற்றம் நடந்ததே தெரியாது.

7. பழைய இணைப்புடன் வந்த போன் எண், இலவச சினிமா சந்தா, நிறுவனம் கொடுத்த இமெயில் முகவரி ஆகியவற்றைப் பட்டியல் போடுங்கள். எண் எங்கெல்லாம் பதிவாகி உள்ளது என்று வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேளுங்கள். எல்லா இடத்திலும் மாற்றிய பிறகே மூடுங்கள்.

8. யு.பி.ஐ. அல்லது வங்கியில் கொடுத்த ஆட்டோபே அனுமதியை நீங்களே ரத்து செய்யுங்கள். இணைப்பு மூடியதால் அதுவும் நின்றுவிடும் என்று இருக்க வேண்டாம்.

9. பழைய பெட்டியையும் அடாப்டரையும் திருப்பிக் கொடுக்கும்போது, சீரியல் எண்ணுடன் ரசீது வாங்குங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள். நான் ரசீது வாங்காததால், பெட்டி தரவில்லை என்று இரண்டு முறை போன் வந்தது.

10. புகார் செய்தால் அதற்கான எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2012ல் டிராய் கொண்டு வந்த விதிகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் எண் தர வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணம் இன்றி முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐயும் அழைக்கலாம்.

இந்தச் சுமை யாருடையது?

பட்டியல் நீண்டுவிட்டது. என் ஆதங்கமே இதுதான். ஒரு வீட்டு இணைப்பை மாற்ற சாதாரணக் குடும்பம் ஒன்று பத்து விஷயங்களை ஏன் நினைவில் வைத்திருக்க வேண்டும்?

மொபைல் போனில் இந்தச் சுமையை நாம் என்றோ இறக்கி வைத்துவிட்டோம். 2010 நவம்பரில் ஹரியானாவிலும், 2011 ஜனவரி 20ல் நாடு முழுவதும் எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி வந்தது. 1900க்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பிக் குறியீட்டு எண்ணைப் பெற்று, புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் போதும். பழைய நிறுவனத்திடம் நாம் கெஞ்ச வேண்டியதில்லை. புதியவரே பார்த்துக் கொள்வார்.

பைபரில் அது முடியாது, கம்பி வேறு, பெட்டி வேறு என்று சிலர் சொல்லக்கூடும். கம்பி வேறுதான். ஆனால் எதை எப்போது மூடுவது, யார் யாருக்குச் சொல்வது என்பது கம்பியின் வேலை அல்ல. பிரிட்டனில் 2024 செப்டம்பர் 12 முதல் இதற்கு ஒரே படியில் மாறும் முறை நடைமுறையில் உள்ளது. வாடிக்கையாளர் புதிய நிறுவனத்திடம் மட்டும் பேசினால் போதும். அது பழைய நிறுவனத்திற்குத் தகவல் அனுப்பும். பழைய நிறுவனம், மாறினால் என்ன கட்டணம், எந்தெந்தச் சேவை பாதிக்கப்படும் என்று வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனங்கள் தயாராகாததால், 2023 ஏப்ரலில் வர வேண்டிய இந்த முறை ஒன்றரை வருடம் தாமதமாகவே வந்தது. ஆனாலும் வந்துவிட்டது.

இங்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. புதிய இணைப்பு ஓடத் தொடங்கிய பின்பே பழையது மூடப்பட வேண்டும். மூடும் முன், "இந்த போன் எண்ணும் சேர்ந்து போகும், சம்மதமா?" என்று ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் எங்கள் எண் தப்பித்திருக்கும். வீட்டு எண்ணையும் மொபைல் எண் போல எடுத்துச் செல்ல அனுமதித்தால் இன்னும் நல்லது.

அது வரும் வரை நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். சென்ற வாரம் கும்பகோணம் சென்றபோது, பெரியம்மா வீட்டுச் சுவரில் பழைய எண்ணை அடித்துவிட்டு அதன் கீழே என் மொபைல் எண்ணைப் பெரிதாக எழுதிவிட்டு வந்தேன். "இதையாவது மாத்தாம வச்சிரு" என்றார். மாற்ற மாட்டேன். நிறுவனத்தை மாற்றினாலும் இந்த எண் என்னோடு வரும்.