உச்சிக்குடும்பன் வாயில் பிளாஸ்திரி

உச்சிக்குடும்பனுக்குப் பல் தேய்க்கச் சொல்லித் தரத் தெரியாது. உளுவத்தலையனுக்குக் குப்பையைத் தரம் பிரிக்கத் தெரியாது. அது அவங்க வேலையே கிடையாதுங்க.

யார் இவங்கன்னு கேட்கிறவங்களுக்கு (வெளியூரிலேயே பிறந்து வளர்ந்த புண்ணியவான்களே, உங்களைத்தான்): கன்னியாகுமரிப் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தில் வரும் இரண்டு கோமாளிகள். ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவை, முன்னால் வெள்ளைத் திரை, பின்னால் விளக்கு. ஒரே ஆள் எல்லாப் பாவையையும் ஆட்டி எல்லாக் குரலிலும் பேசுவார். ராமாயணம் ராத்திரி ராத்திரியாக நடக்கும். நடுவில் இந்த ஜோடி புகுந்து, அந்த ஊர்ப் பேச்சில் அன்றைய நாட்டு நடப்பைப் பேசும். ராமனுக்கு ராமாயணத்தை விட்டு வெளியே வர வழியில்லை, இவங்களுக்கு உண்டு.

இப்போ எங்கே பார்த்தாலும் "மீட்டெடுப்பு". இங்கே மைசூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு விழாவுக்கு, ஆர்வமுள்ள பசங்க சிலர் அட்டையில் பாவை வெட்டி இந்த ஜோடியைக் கொண்டுவந்தாங்க. நல்ல முயற்சி. ஆனா ஒத்திகை பார்த்த விழாக் கமிட்டி, மெயின்டனன்ஸ் பணம் எங்கே போகுதுன்னு உளுவத்தலையன் கேட்ட கேள்வியை வெட்டச் சொல்லிடுச்சு. அந்த இடத்தில் தண்ணீர் சிக்கனம் பற்றி நாலு வரி. குண்டுப் பையனைக் கிண்டலடிக்கிற வசனம் மட்டும் பத்திரமா இருந்தது!

என் கோபமே இங்கேதான். பழைய கோமாளிப் பேச்சில் ஆபாசம் உண்டு, நிறத்தையும் உடம்பையும் பழிப்பது உண்டு, பெண்டாட்டியை அடிக்கிற தமாஷ் உண்டு. போகட்டும், நல்லதுதான். ஆனா நாம் "சுத்தம்" பண்ணும்போது போவது அதுவா? எளியவனை இளிப்பது தங்கிவிடுகிறது, பெரிய மனுஷனைக் கேட்கிற கேள்வி போய்விடுகிறது. அப்புறம் மிஞ்சுவது குடுமி வைத்த சுகாதார இன்ஸ்பெக்டர்.

எங்க தொழிலிலும் இதே கதைதான். நிதியறிவு முகாம்னா பொம்மலாட்டம். "ஓடிபியை யாருக்கும் சொல்லாதே"ன்னு பொம்மை சொல்லும். கலைஞர் வீட்டில் உலை கொதிக்க அந்தச் சம்பளம் உதவுது, அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எழுதிக் கொடுக்கிற நம்மைத்தான் சொல்றேன். மினிமம் பேலன்ஸ் இல்லைன்னு ஏழையிடம் ஏன் அபராதம் பிடிச்சேன்னு அந்தப் பொம்மை ஒருநாள் திருப்பிக் கேட்கட்டுமே?

துருக்கியில் காராகோஸ்னு ஒரு நிழல்பாவைக் கோமாளி. அதிகாரிகளை வறுத்தெடுத்தவன். 19ஆம் நூற்றாண்டில் அரசாங்கம் அவன் வாயைக் கட்டியது. 2009ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தாங்க. பட்டியலில் பேர் வருவது என்ன, பென்ஷன்காரர் நவம்பரில் நீட்டுகிற உயிர்வாழ் சான்றிதழா?

இந்த ஊர் மானசகங்கோத்ரியில், ஜெயலட்சுமி விலாஸ் மாளிகை நாட்டுப்புற அருங்காட்சியகத்தில் கர்நாடகத் தொகலு கொம்பே பாவைகள் இருக்கு. அந்தக் கூத்தின் கோமாளிகள் கில்லேக்யாதனும் பங்காரக்காவும். ஆந்திரத்தில் ஜுட்டுப் போலிகாடு; ஜுட்டுன்னா குடுமி. நம்ம உச்சிக்குடும்பனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இல்லை? கன்னியாகுமரியில் இதை ஆடும் கணிகர் சமூகத்துக்கு வீட்டு மொழி மராத்தி (அ.கா. பெருமாள் இவங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கார்). கன்னடத்தில் ஆடும் கில்லேக்யாதர் வீட்டிலும் மராத்தி வழக்குதான். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. நம்ம பொழைப்பேதான் மக்களே! தெருவில் எந்த மொழியோ, அதிலேயே அந்த ஊரை நக்கலடித்துச் சோறு சாப்பிட்ட கூட்டம். 2025ல் கொப்பள் மாவட்டத்துப் பீமவ்வாவுக்கு 90 வயதுக்கு மேல் பத்மஸ்ரீ வந்தது, அவங்களும் இந்தத் தோல்பாவைக்காரங்கதான்.

அப்படி ஊர் ஊராகப் போய் ஒட்டிக்கொண்ட கோமாளி, மைசூருக்கு வந்தா மட்டும் ஏன் பாடப்புத்தகத் தமிழ் பேசணும்? "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" கலந்த நம்ம வீட்டுத் தமிழ் பேசட்டும். "வீட்டில் தமிழ்லதான் பேசணும்"னு பிள்ளையை இங்கிலீஷில் திட்டுகிற அப்பாவைப் பிடிக்கட்டும். ஊரில் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு வருஷா வருஷம் வெள்ளையடிக்கிற மாமாவைப் பிடிக்கட்டும். பசங்க எதுக்குச் சிரிக்கும்னு நினைக்கிறீங்க, தண்ணீர் சிக்கனத்துக்கா?

அடுத்த பொங்கல் விழாவுக்கு ஒரு கூத்துக் குடும்பத்தையே நாகர்கோவில் பக்கமிருந்து கூப்பிடுவோம். ரயில் டிக்கெட், தங்க இடம், மரியாதையான சம்பளம். சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு அள்ளிக் கொடுக்கிறோமில்லையா, அதில் பாதியாவது. வசனம் எழுதித் தர வேண்டாம். முதல்நாள் உட்கார வைத்து ஊர் வம்பை மட்டும் சொல்லுங்க: யார் பொருளாளர், யார் மைக்கை விடமாட்டார், யார் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வருவார். பேங்க் ஆபீசரைப் பற்றி வேணும்னா "சிஸ்டம் டவுன்"ல ஆரம்பிக்கச் சொல்லுங்க. மீதியை நானே எழுதி அனுப்பறேன்.