'உங்க பேரு என்ன?': திக்குவாய் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி ஏன் கஷ்டம்? சுய உதவிக் குழுக்களில் என்ன நடக்கிறது?

வேலைக்கான நேர்முகத் தேர்வு. உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "உங்க பேரு என்ன?" மற்றவர்களுக்கு இது கேள்வியே கிடையாது. திக்குவாய் உள்ளவருக்கு அன்றைய தினத்தின் கடினமான கேள்வியே இதுதான். வேறு எந்த வார்த்தை சிக்கினாலும் இன்னொரு வார்த்தையைப் போட்டுச் சமாளித்துவிடலாம். சொந்தப் பெயருக்கு மாற்று வார்த்தை கிடையாதே!

இப்படிச் சமாளிப்பதுதான் திக்குவாயின் வெளியே தெரியாத பக்கம். 'காபி' என்பதில் 'கா' வராது என்று தெரிந்தால், பிடிக்காத டீயை வாங்கிக் குடிப்பார்கள். கண்டக்டரிடம் 'கோயம்பேடு' என்று சொல்ல வராமல் அரும்பாக்கத்துக்கு டிக்கெட் எடுத்து, இறங்கி நடப்பார்கள். போன் அடித்தால் எடுக்காமல், பிறகு மெசேஜ் அனுப்புவார்கள். வகுப்பில் பதில் தெரிந்தும் "தெரியாது சார்" என்பார்கள். பார்ப்பவர்களுக்கு இவர் கூச்ச சுபாவம் உள்ளவர், அவ்வளவுதான்.

அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஷீஹன், தானும் திக்குவாய் உள்ளவர், இதைப் பனிப்பாறையோடு ஒப்பிட்டார். வெளியே கேட்கும் திக்கல் மேலே தெரியும் சிறு நுனி. அவமானம், பயம், தவிர்ப்பு எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பெரும்பகுதி.

பயத்தால் வருகிறதா?

இல்லை. பயம், பதற்றம் திக்கலை அதிகமாக்கலாம். ஆனால் அதன் வேர், பேச்சுக்கான அசைவுகளை மூளை நேரம் தவறாமல் ஒருங்கிணைக்கும் விதத்தில் இருக்கிறது. மரபணுவுக்கும் பங்கு உண்டு. திக்குவாயோடு தொடர்புள்ள சில மரபணு மாற்றங்களை 2010-ல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். பொதுவாக 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். உலக மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதம் பேருக்கு இருப்பதாகக் கணக்கு. 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.2 கோடி. அதே விகிதத்தை இங்கே போட்டுப் பார்த்தால் 7 லட்சம் பேருக்கு மேல் வரும்.

பாடும்போது பெரும்பாலும் திக்காது. பத்துப் பேரோடு சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போதும் திக்காது. அதே பையனைத் தனியாக எழுப்பிச் சொல்லச் சொன்னால் நிற்பான். "எல்லாரோடயும் சொன்னியே, இப்ப என்ன?" என்று ஆசிரியர் கோபப்படுவது இங்கேதான். நாக்கில் வசம்பு தேய்ப்பது, வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொல்வது எதுவும் இதைச் சரிசெய்யாது. "மெதுவா பேசு, மூச்சு விட்டுப் பேசு" என்ற அறிவுரையும் அப்படித்தான். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் கேட்பவருக்கு 'நீ மாட்டிக்கிட்டே' என்றுதான் காதில் விழும்.

குழுவில் என்ன செய்கிறார்கள்?

'டிசா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் 2008-ல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் டேராடூன் பகுதியைச் சேர்ந்த டாக்டர் சத்யேந்திர ஸ்ரீவாஸ்தவா. அவருக்கும் திக்குவாய் உண்டு. சென்னை உட்பட பல நகரங்களில் இதன் சுய உதவிக் குழுக்கள் கூடுகின்றன. கட்டணம் கிடையாது. நடத்துபவர்களும் திக்குவாய் உள்ளவர்களே.

'பத்தே நாளில் குணம்' என்று விளம்பரம் செய்து பணம் வாங்கும் இடங்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே திக்கலை நிறுத்துவது குறிக்கோள் இல்லை, மறைப்பதை நிறுத்துவதுதான். அதற்கான ஒரு பயிற்சி, கேட்கவே விநோதமாக இருக்கும்: வேண்டுமென்றே திக்குவது. முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், தானாகவே திக்கி வழி கேட்க வேண்டும். 'எப்ப மாட்டிக்குவோமோ' என்ற பயம்தான் தொண்டையை இறுக்குகிறது. நாமே போட்டு உடைத்துவிட்டால் மாட்டிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. பலருக்குப் பேச்சும் அதனால் இலகுவாகிறது, எல்லாருக்கும் அல்ல.

இது பேச்சுப் பயிற்சிக்கு மாற்றும் அல்ல. குழந்தைக்குப் பல மாதங்களாகத் திக்கல் தொடர்ந்தால், பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் சீக்கிரமே காட்டிவிடுவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு' அதில் ஒன்று. ஆனால் அதன் விளக்கத்தில் உதாரணமாக வருவது குரல்வளை அகற்றப்பட்டவர்களும், மூளை பாதிப்பால் மொழித்திறன் இழந்தவர்களும்தான். திக்குவாய் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. போதாக்குறைக்கு, திக்கல் ஒரு நாள் குறையும், ஒரு நாள் கூடும். சான்றிதழ் கேட்டுப் போகிற நாளில் நன்றாகப் பேசிவிட்டால் என்ன ஆகும்? இதனால், நேர்முகத் தேர்வில் கூடுதலாக ஐந்து நிமிடம் வேண்டும் என்று உரிமையோடு கேட்பதற்குத் தெளிவான பிடிமானம் இல்லை. குரூப் டிஸ்கஷனில் நிலைமை இன்னும் மோசம். முதல் எழுத்தில் நிற்கும்போதே அடுத்தவர் பேச ஆரம்பித்துவிடுவார்.

தமிழில் இதற்கு இருக்கும் சொல்லே பட்டப்பெயராகவும் புழங்குகிறது. சினிமா காமெடியில் பல வருடமாகச் சிரிக்க வைத்ததும் அதே சொல்தான். அதனால்தான் வீட்டில் அம்மா, அப்பாகூட அந்த வார்த்தையை எடுக்காமல், இருபது வருடம் பேசாமலே கடத்திவிடுகிறார்கள். பலருக்குத் தன்னைப் போலவே திக்கும் இன்னொருவரை நேரில் பார்ப்பதே குழுவுக்கு வந்த அன்றைக்குத்தான்.

நேரில் வர முடியாதவர்களுக்கு ஆன்லைன் கூட்டங்களும் நடக்கின்றன. முதல் நாளே பேசியாக வேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை. கேமராவை ஆஃப் செய்துவிட்டு, சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலும் போதும்.