சுண்ணாம்பு பூசிய பொய்

இராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடைப்பட்ட சமவெளியில் ஒருநாள் விடியற்காலையில் நடந்து பாருங்கள், தோழர்களே! வரப்போரம் வரிசையாகப் பனைமரங்கள். பாளைகளின் கீழே முட்டிகள். ஒரு முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருக்கும். அதில் வடிவது தெளுவு. அதன்மீது சட்டத்துக்குச் சீற்றமில்லை. அடுத்த முட்டியில் சுண்ணாம்பு இல்லை. அதில் வடிவது கள். அது குற்றம், வழக்கு, சிறை! ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. குற்றத்துக்கும் குற்றமின்மைக்கும் நடுவே நிற்பது ஒரு விரலளவு சுண்ணாம்பு!

மரத்தடியில் வண்டியை நிறுத்திக் காக்கிச் சட்டைக்காரர் கேட்கிறார்: "என்னப்பா, தெளுவுதானே?"

"தெளுவுதானுங்க, ஐயா."

கேட்டவருக்கு உண்மை தெரியும், சொன்னவருக்கும் தெரியும். கேட்டவருக்குத் தெரியும் என்பது சொன்னவருக்கும் தெரியும்! வண்டி போய்விடுகிறது. கள் இறங்குகிறது. சட்டம் ஏட்டிலே வாழ்கிறது. மீறல் தோட்டத்திலே வாழ்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் அண்டை வீட்டாரைப்போல் குடித்தனம் நடத்துகின்றன.

இதனைக் கண்டு, "பார்த்தீரா எங்கள் மக்களின் சாமர்த்தியத்தை! வேண்டாத சட்டத்தை ஓசையின்றித் தோற்கடித்துவிட்டார்கள்!" என்று மெச்சுவோர் உளர். நாம் அந்த மெச்சுதலில் கலந்துகொள்ள மறுக்கிறோம். மறைவிலே மீறப்படும் சட்டம் தோற்பதில்லை. அந்த மறைவிலேதான் அது உயிர் வாழ்கிறது. இதுவே நம் வழக்கு. சான்றுகளோடு வைக்கிறோம், எடைபோட்டுப் பாருங்கள்.

இந்தக் கதை தொடங்கிய இடமே இந்த மண்தான். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கும் சேர்ந்தது. கொண்டுவந்தவர் இராசகோபாலாச்சாரியார். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் ஆசிரமம் அமைத்து, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் ஏட்டையும் நடத்தியவர் அவர். அவருடைய நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. ஏழையின் கூலி சாராயக் கடைக்குப் போகாமல் அடுப்பங்கரைக்குப் போகவேண்டும் என்பதை மறுப்பார் யார்?

ஆனால் கேட்கிறோம்: 1930-இல் வேதாரண்யம் கடற்கரையில் உப்புச் சட்டத்தை உலகறிய மீறிச் சிறை சென்றவர், மக்கள் மனம் ஒப்பாத சட்டம் என்ன ஆகும் என்பதை ஏழே ஆண்டுகளில் மறக்கலாமா? அமெரிக்க நாடு மதுவிலக்கை அரசியல் சட்டத்திலேயே பொறித்து, 1920-இல் நடைமுறைப்படுத்திப் பார்த்தது. அங்கே மருந்துச் சீட்டின் பெயரால் விஸ்கி விற்றது. நிலவறைகளிலே மது ஓடியது. கள்ளக் கடத்தற்காரர் கோடீசுவரர் ஆயினர். 1933-இல் அந்நாடு தன் தவற்றை ஒப்புக்கொண்டு அச்சட்டத்தை நீக்கியது. அங்கே புதைத்த நான்காம் ஆண்டில் இங்கே நட்டார்கள்!

நட்டதன் விளைவு என்ன? இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியது. கூடவே 'பெர்மிட்' என்னும் விந்தைப் பொருளும் புழங்கியது! உடல்நலத்துக்கு மது தேவை என்று மருத்துவர் சான்று தந்தால், வசதி படைத்தவர் சட்டப்படியே குடிக்கலாம். ஏழைக்கு அந்த நோய் வராது போலும்! அவனுக்குக் கிடைத்தது மலையடிவாரத்து ஊறலும், அகப்பட்டால் சிறையும்.

1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1981-இல் மறுபடி தளர்ந்தது, 1987-இல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. திறந்தவர் யார், மூடியவர் யார் என்று கட்சிக் கணக்குப் பார்க்க நாம் வரவில்லை. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசின் வாணிபக் கழகமே நடத்துகிறது. இவ்வளவுக்கும் அந்தச் சட்டத்தின் பெயர் இன்றும் என்ன தெரியுமா? தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937! மதுவிலக்குச் சட்டத்தின் நிழலிலே, மதுவிலக்குத் துறையின் மேற்பார்வையிலே, அரசுக் கடையிலே 42.8 விழுக்காடு சாராயச் சத்துள்ள புட்டிகள் விற்பனையாகின்றன. அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சத்தே உள்ள கள், அதே சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. ஆலையிலே பிறந்தால் வருவாய். பனையிலே பிறந்தால் குற்றம்! இந்த நீதியைப் பச்சைப் பிள்ளையும் ஒப்புமா?

குடியைப் போற்றுகிறோம் என்று எவரும் திரித்துக் கூற வேண்டாம். குடிப்பழக்கம் குடும்பத்தை அரிக்கும் கறையான் என்பதில் நமக்கு ஐயமில்லை. நாம் பேசுவது சட்டத்தின் நேர்மையைப் பற்றி. அதைவிட முதன்மையாக, நம் நேர்மையைப் பற்றி.

இந்த மறைவு மீறலால் வாழ்கிறவர் யார்? முதலாவதாக, கண்ணை மூடிக்கொள்வதற்குக் கூலி வாங்குகிறவர். சட்டம் நீங்கினால் அவர் பிழைப்பு நீங்கும். இரண்டாவதாக, ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர். எதிர்ப்பு பனந்தோப்போடு நின்றுவிடுவதால், விடை சொல்லவேண்டிய கேள்வியே அவரிடம் வந்து சேர்வதில்லை. மூன்றாவதாக, கலப்படக்காரன். வெளிச்சத்தில் விற்கும் பொருளைச் சோதிக்கலாம். இருட்டில் விற்கும் பொருளை யார் சோதிப்பது? 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களுள் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். இருட்டு வாணிபத்தின் விலை அது. அந்த விலையைக் கொடுத்தவர் எவரும் மாளிகைவாசி இல்லை.

மாள்கிறவரும் மாட்டுகிறவரும் ஒரே வகுப்பினர்தாம். தோட்டக்காரர் வீட்டுப் பட்டதாரி இளைஞர் ஞாயிற்றுக்கிழமை பனைநிழலில் நண்பர்களோடு அமர்ந்து கள் பருகுகிறார். "நாங்கள் சட்டத்துக்கு அஞ்சாதவர்கள்" என்று மீசையை முறுக்குகிறார். மாலையில் சோதனை வந்தால் குடித்தவர் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை. மரம் ஏறியவர் பெயர்தான் ஏறுகிறது. நெஞ்சுத் தோல் உரிய மரமேறி இறக்கியவனுக்கு வழக்கு. நிழலில் அமர்ந்து பருகியவருக்கு வீரப்பட்டம்! அவன் இறக்கிய கள் இனிக்கிறது. அவனைத் தம் வீட்டுத் திண்ணையில் அமரச்சொல்ல மட்டும் மனம் கசக்கிறது! பிறருடைய முதுகில் ஏறி நின்று சட்டத்தை மீறுவது எந்த ஊர் வீரம்?

அங்கேரி நாட்டைப் பாருங்கள். அம்மக்கள் பழங்களிலிருந்து 'பாலிங்கா' என்னும் மதுவை வடிப்பவர்கள். வரிச் சட்டம் தடுத்த காலங்களில் கொல்லைப்புறத்தில் ஓசையின்றிக் காய்ச்சிவந்தனர். 2010-இல் அந்நாட்டு அரசு, வீட்டுத் தேவைக்கு ஆண்டுக்கு 50 லிட்டர் வரை வரியின்றி வடிக்கலாம் என்று வெளிப்படையாகவே சட்டமாக்கியது. முழு வரிவிலக்கு விதிகளுக்கு முரணானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. எவர் பக்கம் நியாயம் என்பது வேறு கேள்வி. வழக்கு கொல்லைப்புறத்தை விட்டு மன்றத்துக்கு வந்ததே, அதுதான் நாம் சுட்டுவது. மன்றத்துக்கு வந்தால் விடை உண்டு. கொல்லையில் கிடந்தால் கண்சிமிட்டல்தான் உண்டு.

நமக்கு அங்கேரி வரை போகவும் வேண்டியதில்லை. பெரியார் 1921-இல் சேலம் தாதம்பட்டியில் தம் குடும்பத் தோப்பின் 500 தென்னைகளை வெட்டிச் சாய்த்தது கள் கூடாது என்பதற்காக. அதை ஊரறியச் செய்தார். பிற்காலத்தில் மதுவிலக்குச் சட்டம் பயனற்றது என்று கருதினார். அதையும் மேடையேறிச் சொன்னார். கருத்து மாறியது, மறைவு மட்டும் ஒருபோதும் இல்லை. சுயமரியாதைத் திருமணங்களை எண்ணிப் பாருங்கள். சட்டம் அவற்றை ஏற்கவில்லை. செல்லாது என்று 1953-இல் உயர்நீதிமன்றமே கூறியது. நம் முன்னோர் கதவைத் தாழிட்டுக்கொண்டா மாலை மாற்றினர்? அழைப்பிதழ் அச்சிட்டு, பந்தலிட்டு, ஊரைக் கூட்டி மணம் முடித்தனர். தம் பிள்ளைகளின் சொத்துரிமையையே பணயமாக வைத்தனர். அந்தத் துணிவுக்கு முன்னே 1967-இல் சட்டம் தலைவணங்கியது. புரோகிதரை ஒப்புக்கு அழைத்துவிட்டு உள்ளுக்குள் சிரித்திருந்தால், அந்தச் சட்டம் இன்றும் பிறந்திராது!

"கள்ளிலும் மயக்கப் பொருள் கலப்பார்களே" என்பர் சிலர். உண்மை, கலப்பார்கள். அதற்கு மருந்து சோதனைச் சாலையும் உரிமமும். கேரளத்திலும் புதுவையிலும் கள்ளுக்கடைகள் உரிமத்தோடு நடக்கின்றன. கள் தீதென்றால் அதனினும் கொடிய புட்டியையும் மூடட்டும். புட்டி தகுமென்றால் பனையையும் விடட்டும். இரண்டில் ஒன்றை அரசு காரணத்தோடு சொல்லவேண்டும், கேட்கவேண்டியது நாம்.

ஆகவே இளைஞர்களே, மரமேறும் தொழிலாளியை முன்னே தள்ளிவிட்டுப் பின்னே நின்று நியாயம் பேசாதீர்கள். அவனுக்கு அன்றாடப் பிழைப்பு; பொய்யைத் தவிர வேறு கேடயத்தை நாம் அவனுக்குக் கொடுக்கவில்லை. பொய் சொல்லத் தேவையில்லாதவர் முதலில் மெய் சொல்லட்டும். மரத்துக்கு உரியவர் சொல்லட்டும், பருகுகிறவர் சொல்லட்டும், படித்தவர் எழுதட்டும். ஊர்சபையில் தீர்மானமாக, தேர்தலில் கேள்வியாக, நீதிமன்றத்தில் மனுவாக அது எழட்டும். அடுத்த முறை மரத்தடியில் வண்டி வந்து நின்று, "தெளுவுதானே?" என்ற குரல் எழும்போது, மேலே இருப்பவன் வாய் திறக்குமுன், கீழே இருக்கும் நாம் கூறுவோம்: "கள்தான், ஐயா. குடித்தவர்கள் நாங்கள். எங்கள் பெயரை முதலில் எழுதுங்கள்."