நாமகிரித் தாயாரும் முப்பது ரூபாயும்

போன வியாழக்கிழமை சாயங்காலம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கூட்டுறவு வங்கியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷப் பழக்கம். காபி குடித்து முடிக்கும் வரை மேட்டூர் நீர்மட்டம் பற்றித்தான் பேசினோம். டம்ளரைக் கீழே வைத்த பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"வாத்தியாரே, பேத்தி ஒரே பிடிவாதமா இருக்கா. நல்ல மார்க்கு. கேட்ட காலேஜ்ல இஞ்சினீயரிங் கிடைக்கும். இவ என்னடான்னா கணக்குதான் படிப்பேன், ஆராய்ச்சி பண்ணுவேன்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா."

நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனிடம் வந்து, கணக்கு வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் இதே வேலையை நான் முன்பு செய்திருக்கிறேன். "யோசிச்சு சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். அவரும் இதைப் படிப்பார்.

முதலில் நம் ஊர்ப் பெருமையை எடுத்துக்கொள்வோம். வருஷா வருஷம் டிசம்பர் 22 வந்தால் கும்பகோணத்தில் ராமானுஜன் படத்துக்கு மாலை விழுகிறது. மேடையில் ஏறுகிற எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் எழுதிக் காட்டினாள், காலையில் எழுந்து இவர் நோட்டில் எழுதிக்கொண்டார். கூடவே, காவிரித் தண்ணீர் குடித்த மூளை என்று ஒரு வரி. கைதட்டல். சுண்டல். கலைந்து போகிறோம்.

ராமானுஜனின் பக்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அவருக்கும் தாயாருக்கும் உள்ள விஷயம். ஆனால் நாம் அந்தக் கதையை ஏன் இவ்வளவு ஆசையாகச் சொல்கிறோம்? கணக்கு என்பது வரம் என்று ஆகிவிட்டால் நமக்கு ஒரு செலவும் இல்லை. வரம் உள்ளவன் தானாக வருவான். வராதவனுக்கு வரம் இல்லை. கதை முடிந்தது.

நடந்ததைப் பாருங்கள். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரி ராமானுஜனுக்கு உதவித்தொகை கொடுத்தது. ஆங்கிலத்தில் தேறவில்லை என்று அதே கல்லூரி அதைப் பறித்துக்கொண்டது. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்த அந்த வீட்டில் அப்பா துணிக்கடைக் கணக்கர். பிறகு பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார், அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. தாயார் கனவில் வந்துகொண்டுதான் இருந்திருப்பாள். சோற்றுக்கு வழி? நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கையிலிருந்து மாசம் 25 ரூபாய் கொடுத்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் தாமே கணக்குத் தெரிந்தவர், இவரை உட்காரவைத்து எழுதச் சொன்னவர். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. 1914-ல் கப்பல் ஏறினார். 25, 30, 75. இந்த மூன்று எண்களை எந்த மேடையிலாவது கேட்டிருக்கிறீர்களா? கனவு மட்டும்தான் கேட்டிருப்பீர்கள்.

ராமானுஜனை விடுங்கள், அவர் மாதிரி ஒருவர் எப்போதோதான் பிறப்பார் என்பீர்கள். சரி. கனவு, தாயார் எதுவும் இல்லாத ஒருவரைச் சொல்கிறேன்.

1975 என்று நினைவு. திருச்சியில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி நூலகத்தில் ஜெர்மனிக்காரப் பதிப்பகம் போட்ட ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. அட்டையில் எம்.எஸ். ரகுநாதன் என்று பெயர். நம்ம பக்கத்துப் பெயராக இருக்கிறதே என்று எடுத்துப் பிரித்தேன். இரண்டாம் பக்கத்தோடு எனக்கும் அதற்கும் உறவு முடிந்தது. ஆனால் பெயர் மனதில் நின்றுவிட்டது.

ரகுநாதன் 1941-ல் அனந்தபூரில் பிறந்தவர். படித்தது சென்னையில். 1960-ல், பத்தொன்பது வயதில், மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் மாணவராகச் சேர்ந்தார். அவருக்கு வழிகாட்டி எம்.எஸ். நரசிம்மன், வட ஆர்க்காட்டுத் தண்டரைக் கிராமத்துக்காரர். நரசிம்மனையும், பின்னால் சென்னைக் கணிதவியல் கழகத்தை உண்டாக்கிய சி.எஸ். சேஷாத்திரியையும் மும்பைக்குப் போகச் சொன்னவர் லயோலா கல்லூரியில் இருந்த ரசீன் பாதிரியார் என்ற பிரெஞ்சுக்காரர். வரிசையைக் கவனியுங்கள். நாற்றங்கால் இருந்தது, நாற்று வந்தது. நம் ஊரில் நாற்றங்கால் போடாமல் தாளடி நடவுக்கு ஆள் கூப்பிடுகிறவன் யாராவது உண்டா?

ரகுநாதன் எதைப் பற்றி ஆராய்ந்தார்? பாடப்புத்தகத் தமிழில் அதற்குக் 'குலம்' என்று பெயர். குலம் கோத்திரம் பார்க்கிற குலம் இல்லை. வரிசை நடவு நட்ட ஒரு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். 25 செ.மீ.க்கு ஒரு நாற்று, குறுக்கும் நெடுக்கும் ஒரே இடைவெளி. வரப்பே இல்லாமல் வயல் போய்க்கொண்டே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வயலையும் ஒரு வரிசை கிழக்கே நகர்த்தினால் நாற்றின் மேல் நாற்று சரியாகப் பொருந்தும். தெற்கே இரண்டு வரிசை நகர்த்தினாலும் பொருந்தும். ஒரு நகர்த்தலுக்குப் பின் இன்னொன்று செய்தால் அதுவும் பொருந்துகிற நகர்த்தல்தான். எதையும் திரும்ப நகர்த்திப் பழையபடி ஆக்கலாம். இப்படிப்பட்ட நகர்த்தல்களின் கூட்டம்தான் குலம். நம் வயல் தட்டை, அதனால் சுலபம். ரகுநாதன் பார்த்தது பல பரிமாணமுள்ள, வளைந்த வெளிகளை. அங்கே முதலில் கிழக்கே போய்ப் பிறகு தெற்கே போவதும், முதலில் தெற்கே போய்ப் பிறகு கிழக்கே போவதும் வேறு வேறு இடத்தில் கொண்டுபோய் விடும். அப்படிப்பட்ட இடத்தில் 'நடவு' எப்படியெல்லாம் அமையலாம் என்பதுதான் 1972-ல் வந்த அந்தப் புத்தகம்.

1970-களில் அவர் ஒரு யூகம் சொன்னார். அப்படி ஒரு வெளியில் ஒரு குறிப்பிட்ட வகைப் பாதையில் போய்க்கொண்டே இருந்தால், அது சுற்றிச் சுற்றி எந்த இடத்தை நிரப்பும்? தாறுமாறாக நிரப்பாது, ஒழுங்கான ஓர் உருவத்தைத்தான் நிரப்பும் என்றார். அவரால் அதை நிரூபிக்க முடியவில்லை. 1980-களின் பிற்பகுதியில் மார்குலிஸ் என்ற ரஷ்யர் அதன் ஒரு பகுதியை நிரூபித்து, அதை வைத்து 1929-லிருந்து தீராமல் கிடந்த வேறொரு கணக்கைத் தீர்த்தார். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மரினா ராட்னர் என்ற அம்மையார் முழுவதையும் நிரூபித்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல்.

ரகுநாதன் பெயர் இன்று உலகம் முழுக்கச் சொல்லப்படுவது, அடுத்தவர் விடை கண்ட ஒரு கேள்விக்காகவும்தான். வரக் கதையில் இதற்கு இடமே இல்லை. தொழிலில் இதுதான் நடைமுறை. ஒருவர் மடை திறப்பார், இன்னொருவர் வயலுக்குப் பாயும். மாசச் சம்பளம், ஒரு மேஜை, கேள்வி கேட்க ஒரு குரு, பல வருஷம் ஒன்றும் நடக்காமல் போனாலும் துரத்திவிடாத ஒரு நிறுவனம். இவ்வளவும் இருந்ததால் 2000-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக எடுத்துக்கொண்டது.

"இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று நண்பர் கேட்பார். கேட்கட்டும். இரண்டு வாய்க்கால் வரைபடம் கொடுக்கிறேன். ஊர்ப் பெயர், வாய்க்கால் பெயர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒன்றைத் திருப்பி, இழுத்து, வேறு மாதிரி வரைந்திருக்கிறேன். இரண்டும் ஒரே பாசன வலைதானா என்று கண்டுபிடியுங்கள். பத்து மதகு என்றால் நீங்களே பார்த்துவிடலாம். பத்தாயிரம் மதகு என்றால்? இதற்கு வேகமான வழி உண்டா என்று கம்ப்யூட்டர்காரர்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டுகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் முக்கியமான கருவி இந்தக் குலம்தான். சென்னை தரமணியில் 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்தபடி வி. அரவிந்த் தம் மாணவரோடு சேர்ந்து 2002-ல் இதில் முக்கியமான ஒரு முடிவைத் தந்தார். நம் ஊரிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் விடிகாலையில் போய் இறங்குகிற இடம். நம்மில் எத்தனை பேர் அங்கே பிள்ளையைக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறோம்?

"பெண் பிள்ளையாச்சே, முப்பது வயசு வரைக்கும் படிச்சுட்டே இருந்தா?" இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தில் இருந்தது. ராமன் பரிமளா தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர். ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி மாணவி. மும்பையில் முனைவர் பட்டம். இந்தக் குலங்கள் சார்ந்த இயற்கணிதம்தான் அவர் துறை. 2010-ல் ஹைதராபாத்தில் உலகக் கணித மாநாடு நடந்தபோது முழு அவைக்கும் உரையாற்ற அழைக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

சோறு? 2023 ஜனவரியிலிருந்து மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாசம் 37,000 ரூபாய். பெரிய பணம் இல்லை, பட்டினியும் இல்லை. கஷ்டத்தையும் மறைக்கவில்லை. பட்டம் வாங்கிய எல்லோருக்கும் நல்ல வேலை கிடைப்பதில்லை. ஊர் ஊராக இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று தற்காலிகப் பணியில் அலைய வேண்டியிருக்கும். நம் பக்கத்துக் கல்லூரிகளில் நிரந்தர ஆசிரியர் இடத்தைக் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிறார்கள். கௌரவம் பெயரில் இருக்கிறது, சம்பளத்தில் இல்லை. ராமானுஜன் படித்த மண் என்று மார்தட்டுகிற நாம் இதற்காக ஒரு மனுவாவது எழுதியிருக்கிறோமா? மாலை வாங்கக் காசு இருந்தது.

இனி என் குற்றம். 1991. மாசி மகக் கடையில் ஒரு விளையாட்டுச் சாமான் விற்பார்கள், நினைவிருக்கும். பிளாஸ்டிக் கட்டத்துக்குள் 1 முதல் 15 வரை எண் போட்ட வில்லைகள், ஓர் இடம் காலி. தள்ளித் தள்ளி வரிசைப்படுத்த வேண்டும். என் பத்தாம் வகுப்பில் ஒரு பையன், விவசாயக் கூலியின் மகன், 14-ஐயும் 15-ஐயும் நெம்பி எடுத்து இடம் மாற்றிப் பொருத்தி, மற்ற பையன்களிடம் கொடுத்தான். ஒருவனாலும் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. பிறகு அவன் சொன்னான்:

"எத்தனை நாள் தள்ளினாலும் வராது சார். பெரிய எண் முன்னாடியும் சின்ன எண் பின்னாடியும் நிக்கிற ஜோடிய எண்ணிப் பாருங்க. பக்கவாட்டுல தள்ளினா அது மாறாது. மேலயோ கீழயோ தள்ளினா ஒரு வில்லை மூணு வில்லையத் தாண்டுது, ஜோடிக் கணக்கு ஒத்தப்படையில மாறும். காலி இடம் பழைய மூலைக்கே வரணும்னா மேல கீழ தள்ளுறது மொத்தம் இரட்டைப்படையாத்தான் இருக்கும். அப்ப ஜோடிக் கணக்கும் இரட்டைப்படைதான். 14, 15 மட்டும் மாறினா ஒரே ஒரு ஜோடி. வரவே வராது சார்."

எம்.எஸ்ஸி.யில் இரட்டை வரிசைமாற்றக் குலம் என்று ஒரு பாடம் படித்து, பரீட்சை எழுதி, நல்ல மார்க்கும் வாங்கியவன் நான். என் முன்னால் ஒரு பதினைந்து வயதுப் பையன் அதையே தானாகக் கண்டுபிடித்து நிற்கிறான் என்பது எனக்கு உறைக்கவில்லை. "நல்லா யோசிக்கிறேடா. பாலிடெக்னிக் பாரத்தை நிரப்பிட்டியா?" என்றேன். கணக்கு சோறு போடாது என்றும் சொன்னேன். பாரத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன்.

அவன் நன்றாகத்தான் இருக்கிறான். மஸ்கட்டில் பராமரிப்பு மேற்பார்வையாளர் வேலை. ஊரில் வீடு கட்டிவிட்டான், தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்தான். போன வருஷம் போன் பண்ணினான். "சார், பொண்ணுக்கு அந்தக் கட்டத்தை வாங்கிக் கொடுத்தேன். நெட்டுல தேடினா 1879-லயே அமெரிக்காவுல ஒரு பத்திரிகையில நிரூபிச்சுட்டாங்களாம். நான் சொன்னதும் அதேதான் சார். அப்ப நான் சொன்னது சரிதானா?"

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சரி என்று அவனிடம் யாருமே சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

நண்பரே, ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டி வாருங்கள். நீங்கள் எதிர்பார்க்கிற வார்த்தையை நான் சொல்லப்போவதில்லை. தரமணி, சிறுசேரி இரண்டு இடத்து நுழைவு விவரங்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். கஷ்டங்களையும் சேர்த்தே அவளிடம் சொல்வேன், முடிவு அவளுடையது. மற்ற வாசகர்களுக்கு ஒன்று. வருகிற டிசம்பர் 22-க்கு மாலை, மைக், சுண்டல் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பணத்தில் கணக்குப் படிக்கிற ஒரு ஏழைப் பிள்ளைக்கு ஒரு வருஷம் புத்தகமும் பஸ் கட்டணமும் கொடுக்கலாம். என் பங்கை நான் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். சேர விரும்புகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம்.