கை சரியில்லையா, காரணம் வேறா?



ஒரு ஜாப் கெட்டுப்போனால் ஒர்க்‌ஷாப்பில் உடனே கேட்கும் வார்த்தை, "உன் கை சரியில்லப்பா!" இது தவறு என்பது என் பணிவான கருத்து. மரப்பேனா கடைவதை வைத்தே சொல்கிறேன்.

பேனா கடைவது நமக்குப் புதிதல்ல. ராஜமுந்திரியில் 1932-ல் தொடங்கிய ரத்னம் பேனாவும், ஆவடி தாண்டி ரயிலில் போனால் வரும் திருவள்ளூரின் ரங்கா பேனாவும் லேத்தில் கடைந்தே பேர் வாங்கியவை. ஆனால் அவற்றில் பெரும்பாலும் எபோனைட், அதாவது கெட்டியாக்கிய ரப்பர். எங்கே வெட்டினாலும் ஒரே சீர். மரம் அப்படியா? அதற்கு ரேகை உண்டு, ஈரம் உண்டு.

துளை போடும்போதே கட்டை பிளக்கிறதா? டிரில்லில் தூள் அடைத்துச் சூடேறியிருக்கும். அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டு மெதுவாக இறக்கணும்.

உள்ளே ஒட்டிய பித்தளைக் குழாய் கழன்று சுற்றுகிறதா? வழவழப்பான பித்தளையில் பசை சரியாகப் பிடிக்காது. எமரித் தாளால் தேய்த்துவிட்டு ஒட்டணும்.

ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து வருகிறதா? டெயில் ஸ்டாக்கை அதிகமாக இறுக்கியதில் மெல்லிய மாண்ட்ரல் வளைந்திருக்கும். கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள்.

சில்லு பெயர்கிறதா? உளி மழுங்கியிருக்கும், இல்லை ஆழமாக வெட்டியிருப்பார்கள். இதில் கைக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. சாணை பிடித்து, தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடம் நோக்கி லேசாக வெட்டணும்.

எல்லாம் நல்லபடி முடிந்து, ஒரு மாதம் கழித்துப் பேனா வெடிக்கிறதே, அதுதான் வேடிக்கை! பச்சை மரம் காயக் காயச் சுருங்கும். உள்ளே பித்தளை சுருங்காது. வெடிக்காமல் என்ன செய்யும்? கடைந்தவன் கை சுத்தம்தான். காயாத கட்டையை எடுத்துக் கொடுத்தது யார்?

என் அப்பா அம்பத்தூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் ஹெல்பர். ஜாப் ரிஜெக்ட் ஆனால் அவர் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். டூல் மழுங்கியதா, சென்டர் விலகியதா என்று யாரும் பார்ப்பதில்லை. அப்பாவுக்கும் எதிர்த்துச் சொல்லத் தெரியாது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். நம்மில் பலர் அப்படித்தான். நாளை நாம்தான் சூப்பர்வைசர். கெட்ட பீஸை ஸ்கிராப்பில் போடுமுன் ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பார்ப்போம். காரணத்தைத் தேடிவிட்டு அப்புறம் கையைப் பற்றிப் பேசுவோம். நாம் வாங்கும் டிப்ளமோ அதற்குத்தானே, நண்பர்களே?

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்