பேரனுக்கு ட்ரெட்லாக்ஸ் ஆசை... அப்பாயிக்கு சடை பாரம்!

காரைக்காலைச் சுற்றி இருப்பதெல்லாம் முடி கொடுக்கும் ஊர்கள். தெற்கே போனால் நாகூர் தர்கா, அதையும் தாண்டினால் வேளாங்கண்ணி, வடக்கே போனால் வைத்தீஸ்வரன் கோயில். மூன்று மதம், மூன்று இடத்திலும் மொட்டை உண்டு. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ''இனிமே நான் சீப்பே எடுக்கப் போறதில்லை'' என்று ஒருத்தன் சொன்னால் வீடு என்ன ஆகும்?

சொன்னவன் என் சித்தி பையன். காலேஜ் இரண்டாம் வருஷம். ஐ.பி.எல்-லில் கிறிஸ் கெய்லைப் பார்த்து வளர்ந்து, இப்போது பாப் மார்லி டி-ஷர்ட் கட்டத்தில் இருக்கிறான். ''அக்கா, நீ ட்ரெட்லாக்ஸ் பத்தி எழுதேன். நான் அப்படியே அம்மாவுக்கு ஃபார்வர்டு பண்ணிடுறேன்'' என்றான். சித்தியின் பதில் அதற்கு முன்பே வந்துவிட்டது: ''சடை விழுந்த தலையோட வந்தா வாசல்லயே நில்லு!''

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டில் இன்னொரு தலையில் ஏற்கெனவே சடை இருக்கிறது. அவனுடைய அப்பாயிக்கு. இடுப்பு எலும்பு முறிந்து மாசக்கணக்கில் படுத்த படுக்கையாக இருந்தபோது, பின்மண்டையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி ஒட்டிக்கொண்டது. எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகும் அதை யாரும் தொடவில்லை. 'அது அம்மன் முடி, கத்தரி பட்டா கண்ணு போயிடும்' என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பேரன் சடை வைத்துக்கொள்ளக் கூடாது. அப்பாயி சடையை எடுக்கக் கூடாது. ஒரே வீட்டில் ரெண்டு சட்டம்.

முதலில் அப்பாயி விஷயத்துக்கு வருவோம். அதுதான் அவசரம்.

முடி ஏன் சடையாகிறது? ஒவ்வொரு முடியின் மேலும் வீட்டு ஓடு அடுக்கியதுபோல நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. எண்ணெயும் சீப்பும் படாமல் முடி ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டே இருந்தால், செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஆட்டு ரோமத்தை நனைத்துத் தேய்த்துக் கம்பளி ஆக்குவதும் இதே வேலைதான். இன்னொரு காரணமும் உண்டு. நம் எல்லோருக்கும் தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்கிறது. வாரினால் சீப்போடு வந்துவிடும். வாராவிட்டால்? உதிர்ந்த முடியும் வளர்கிற முடியோடு சேர்ந்து உள்ளேயே சுருண்டுகொள்ளும். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சேர்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 'சடை தானா வளருது, கனமாகிட்டே போகுது' என்று வியப்பதற்கு விடை இதுதான்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு தலையணை உரசலில் இது வரும். பேன் தொல்லையால், மனநலம் சரியில்லாமல் தலையைக் கவனிக்காமல் விட்டதால் வரும். சிலருக்கு நீள முடியை உச்சியில் குவித்து ஷாம்பு போட்டுக் கசக்கும்போது ஒரே குளியலில் குருவிக்கூடு போல முடிச்சு விழுந்துவிடுவதும் உண்டு. ராத்திரியோடு ராத்திரியாக அம்மன் இறங்கியதாகச் சொல்லப்படும் கதைகளில் எத்தனை இந்த ரகமோ!

தோல் மருத்துவர்கள் இதற்கு 'பிளிக்கா போலோனிகா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'போலந்துச் சடை' என்று அர்த்தம். போலந்து மக்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே, சடையை வெட்டினால் கண் போகும், நோய் உள்ளே இறங்கும் என்று பயந்தார்கள். 19-ம் நூற்றாண்டில் யூசெஃப் டியெட்ல் என்ற மருத்துவர், 'இது நோயும் இல்லை, சாபமும் இல்லை, சுத்தம் செய்யாத முடி' என்று சொல்லிப் போராடினார். பிறகு கிராகோவ் நகரத்துக்கே மேயரானார். சடையை வெட்டச் சொன்ன மனிதருக்கு மேயர் பதவி. நம் ஊரில் முயற்சி பண்ணிப் பார்க்கலாம்!

சிரிக்க முடியாத பக்கமும் இருக்கிறது. வடக்கு கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும், சிறுமியின் தலையில் சடை விழுந்தால் 'எல்லம்மா கூப்பிடுகிறாள்' என்று சொல்லி தேவதாசியாக நேர்ந்துவிடும் வழக்கம் இருந்தது. இதைத் தடுக்க கர்நாடகம் 1982-ல் சட்டமே போட்டது. ஒரு முடிச்சுக்காக ஒரு பெண்ணின் மொத்த வாழ்க்கை! மகாராஷ்டிரத்தில் நரேந்திர தபோல்கர் 1989-ல் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பு, இந்தச் சடைக்கு எதிராகவும் வேலை செய்கிறது. தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனாலும் வேலை நிற்கவில்லை. அந்த அமைப்பைச் சேர்ந்த நந்தினி ஜாதவ், நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சடையை வெட்டி எடுத்திருக்கிறார். கத்தரி பிடிப்பது இதில் சின்ன வேலை. 'சாமி கோபிக்காது' என்று அந்தப் பெண்ணையும், அவர் மாமியாரையும், அக்கம்பக்கத்தையும் நம்பவைப்பதுதான் பெரிய வேலை.

அதற்காக, சடை வைத்திருக்கும் எல்லா அம்மாக்களையும் பிடித்து உட்கார வைத்து வெட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இலங்கை மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர, கதிர்காமத்தில் சடையோடு ஆடும் சாமியாடிப் பெண்களைச் சந்தித்து, 1981-ல் 'மெடூசாஸ் ஹேர்' என்ற புத்தகம் எழுதினார். குடும்பத்தில் பட்ட அடி, கணவனோடு முறிந்த உறவு... இவற்றுக்குப் பிறகு வந்த சடையை, கடவுள் தந்த கொடை என்று அவர்கள் பாதுகாத்தார்கள். அந்தச் சடை போனால் அவர்களிடம் இருக்கும் ஒரே மரியாதையும் போய்விடும். காரைக்காலிலேயே கோயில் கொண்டிருக்கும் அம்மையார், 'இந்த அழகு வேண்டாம், பேயுரு தா' என்று கேட்டவர்தானே? அவர் கேட்டு வாங்கினார். அப்பாயி கேட்கவில்லை. எனக்கு அந்த வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது.

அதனால் அப்பாயியிடமே கேட்டேன். ''படுத்தா கல்லு மேல படுத்த மாதிரி இருக்கு பாப்பா. அரிக்கும், சொறிய முடியாது. எடுத்துட்டா தேவலாம்தான். நீங்கல்லாம் பயப்படுறீங்களேன்னு இருக்கேன்'' என்றார். வீட்டில் எல்லோரும் அப்பாயிக்காகப் பயந்தார்கள். அப்பாயி வீட்டுக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தார். ஒருத்தரும் வாய் திறந்து கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தலை இருந்தால், முதலில் அடியில் புண், சீழ், பேன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சர்க்கரை நோயாளியாக இருந்தால் இன்னும் முக்கியமாக, தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். சமீபத்தில் விழுந்த சிக்கு என்றால் வெட்டாமலே எடுத்துவிடலாம். தேங்காய் எண்ணெயோ கண்டிஷனரோ தாராளமாக ஊற்றி ஊறவிட்டு, வேர்ப்பக்கம் ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியில் இருந்து மேல்நோக்கி ஸ்வெட்டர் பின்னும் ஊசியாலோ வால் சீப்பாலோ கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். ஒரு நாளில் முடியாது. ரெண்டு மூன்று நாள் ஆகட்டும். கல்லாகிப்போன சடையை வெட்டத்தான் வேண்டும். தலைத்தோலும் சேர்ந்து இழுபடும் என்பதால், தோலுக்கும் கத்தரிக்கும் நடுவில் விரல் இருக்கட்டும்.

படுக்கையில் இருப்பவர்களுக்கு சடை விழாமல் தடுக்க வழி ரொம்ப சிம்பிள். தினமும் ஒருமுறை வாரி, தளர்வாக ரெட்டைச் சடை பின்னி, காதுக்கு முன்பக்கமாக எடுத்துப் போடுங்கள். பின்மண்டையில் முடிச்சு அழுத்தாது. தமிழைப் பாருங்கள், சடை பின்னினால் சடை விழாது!

சரி, இப்போது பேரன்.

''அது வெளிநாட்டு ஃபேஷன்'' என்பது சித்தியின் வாதம். காரைக்கால்காரர்கள் அப்படிச் சொல்லலாமா? சிவன் தலையில் இருப்பது என்னவாம்? போகட்டும், கடல் பக்கம் பாருங்கள். 19-ம் நூற்றாண்டில் புதுச்சேரியில் இருந்தும் காரைக்காலில் இருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்கள் ரீயூனியனுக்கும், 1853 முதல் கரீபியன் தீவான மார்ட்டினிக்குக்கும், அடுத்த வருஷம் குவாதலூப்புக்கும் போனார்கள். அதே கடலில் இருக்கும் ஜமைக்காவுக்கு ஆங்கிலேயர்கள் 1845-லேயே இந்தியர்களைக் கொண்டுபோயிருந்தார்கள். 'கஞ்சா' என்ற சொல் ஜமைக்காவுக்குப் போனது இவர்கள் வாய் வழியாகத்தான். 1930-களில் அங்கே பிறந்த ரஸ்தஃபாரி சமயத்தில் நீள்சடை வந்ததற்கு, இந்தியச் சாதுக்களின் சடாமுடி ஒரு காரணம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வேறு சிலர் கென்யாவின் மவ் மவ் போராளிகளையும், தலையில் சவரக்கத்தி படக்கூடாது என்ற பைபிள் விரதத்தையும் காட்டுகிறார்கள். எதுவானாலும் ரஸ்தாக்களுக்கு அது விரதம். டி-ஷர்ட்டோடு வாங்கிக்கொள்ளும் ஆக்சசரி இல்லை என்பதைத் தம்பி மனதில் வைத்துக்கொண்டால் நல்லது.

வைத்துக்கொள்வது எப்படி? நம் ஊர் நேரான, லேசான அலைமுடி தானாகச் சடையாகாது. ஆனாலும் ஒழுங்கில்லாமல் திட்டுத் திட்டாக ஆகும். குறைந்தது ஆறு அங்குல நீளம் வேண்டும். தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்து முடியையும் நுனியில் இருந்து வேர் நோக்கி எதிர்ப்பக்கமாக வாரிச் சிக்காக்கி, சன்னமான குரோஷா ஊசியால் உள்ளே இழுத்து இறுக்குவார்கள். முழுத் தலைக்கு ஒரு பகல் போய்விடும். அது கெட்டிப்பட ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை பிரியும், பிசிறடிக்கும். பொறுமை இல்லாதவர்கள் மெழுகு தடவுவார்கள். தடவாதீர்கள், உள்ளே போன மெழுகு வெளியே வராது.

ட்ரெட்லாக்ஸ் என்றால் தலைக்குக் குளிக்கக் கூடாது என்பது பெரிய பொய். வாரம் ஒருமுறையாவது குளிக்க வேண்டும். பிரச்னை குளிப்பதில் இல்லை, காய்வதில். நம் கடற்கரைக் காற்றில் மொட்டைமாடித் துணியே ஒழுங்காகக் காயாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கேட்கவே வேண்டாம். வெளியே காய்ந்ததுபோல இருக்கும், நடுவில் ஈரம் நிற்கும், பூஞ்சை பிடித்து ஊறவைத்த துணி வாடை அடிக்கும். அந்த வாடை வந்த பிறகு எடுப்பது கஷ்டம். அதனால் காலையில் குளிக்க வேண்டும், ஒவ்வொன்றாகப் பிழிய வேண்டும், டவலால் ஒற்றி, வெயிலோ ஹேர் டிரையரோ காட்ட வேண்டும். ஈரத்தோடு கட்டவும் கூடாது, படுக்கவும் கூடாது. சீயக்காய்த்தூள் வேண்டாம், உள்ளே தங்கிவிடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும். எண்ணெய், தலைத்தோலில் நாலு சொட்டு போதும். திருநள்ளாறு நள தீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்து முழுக்குப் போடும் திட்டம் இருந்தால், ட்ரெட்லாக்ஸுக்கு முன்பே முடித்துவிடுங்கள்!

குளித்த பிறகு பக்கத்துச் சடைகள் வேரில் ஒட்டாமல் பிரித்துவிட வேண்டும். புது முடி வளர வளர உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்ட வேண்டும். இறுக்கித் திருகினால் நெற்றி ஓரத்தில் முடி நிரந்தரமாகப் போய்விடும். பேன் வந்தால் பேன்சீப்பு உள்ளே போகாது, மருத்துவர் தரும் லோஷன்தான். இத்தனைக்கும் மேல் ஹெல்மெட். கொண்டை போட்ட ட்ரெட்லாக்ஸுக்கு மேல் அது உட்காராது. தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட் போட்டும் போடாததுபோல்தான். தினமும் பைக்கில் காலேஜ் போகிறவன் சடையைக் கழுத்துக்குக் கீழே தாழக் கட்டப் பழக வேண்டும், அல்லது மெல்லிய சடைகளாகப் போட வேண்டும்.

வேலை? அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், இப்படிப்பட்ட தலைமுடிக்காக வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாது என்று 2019-ல் சட்டம் போட்டது. நமக்கு அப்படி எதுவும் இல்லை. கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்பார்கள். இன்னும் ரெண்டு வருஷத்தில் எடுக்க வேண்டியதாக இருந்தால், இப்போது செலவிடும் அந்த ஒரு வருஷம் மதிப்புள்ளதா என்பது அவன் கணக்கு. சித்தி கணக்கு இல்லை.

எடுக்கும் நாள் வந்தால், ஒவ்வொரு சடையாகக் கண்டிஷனரில் ஊறவைத்துப் பிரிக்கலாம், பல நாள் வேலை. பொறுமை இல்லாதவர்கள் ரெண்டு அங்குலம் விட்டு வெட்டிவிடுவார்கள். பிரிக்கும்போது கொத்துக் கொத்தாக முடி கையோடு வரும். பயந்து டாக்டரிடம் ஓடாதீர்கள். அத்தனை வருஷமாக உதிர்ந்து, உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்த பழைய முடிதான் அது.