பலகை மாறினால் போதுமா?

போடி, பொட்டிபுரம் பக்கம் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டக் கூலிக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிதான் கதி. ஆனால் தேனி மாவட்டத்தில் அதுவும் ஒன்றாக இல்லை: ஊராட்சி ஒன்றியப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி. பலகையே சாதியைச் சொல்லிவிடுகிறது.

எல்லாவற்றையும் பள்ளிக்கல்வித் துறையில் இணைப்போம் என்றது 2023 பட்ஜெட். பெயரிலுள்ள சாதியை நீக்கச் சொன்னது 2024இல் நீதிபதி சந்துரு குழு. இரண்டையும் வரவேற்கிறோம்.

ஆனால் பலகை மாறினால் ஆசிரியர் வந்துவிடுவாரா? கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8 வரை அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர் வேண்டும். மூவகைப் பள்ளியிலும் இருக்கிறார்களா? தோழர்களே, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், ஒப்பிடுங்கள். இணைப்பின் பெயரில் நம் துணைத்திட்ட நிதி கரையவும் விடமாட்டோம்.